கிரிட்டைத் தூக்கிப் பிடிப்பது யார்? மைக்ரோகிரிட்டுக்கு நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

எஸ்டேட்டுக்கு, விடுதியோடு இருக்கும் பள்ளிக்கு, ஐஸ் பிளான்ட்டுக்கு என்று மைக்ரோகிரிட், அதாவது தனக்கென்று ஒரு சின்ன மின்வலை, போட நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்தனை கிலோவாட் பேனல், எத்தனை யூனிட் பேட்டரி, மொத்தம் எவ்வளவு ஆகும்? கொட்டேஷனும் அப்படித்தான் வரும். மூன்று கம்பெனி, மூன்று விலை, மூன்றிலும் பேனல் எண்ணிக்கை முதல் வரியில் பளிச்சென்று. மூன்றுக்கும் உள்ள நிஜமான வித்தியாசம் ஆறாம் பக்கத்தில் ஒரு சின்ன வரியில் இருக்கும், பல சமயம் அதுவும் இருக்காது. அந்த மின்வலையின் வோல்டேஜையும் 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையும் எந்த இயந்திரம் பிடித்து நிறுத்தப்போகிறது என்பதுதான் அது.

உச்சி வெயிலில் கரண்ட் போனால் மாடியில் இருக்கும் ஆன்-கிரிட் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். பேனலில் கரண்ட் இருக்கிறது, ஆனால் அந்த இன்வெர்ட்டருக்குத் தானாக 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கத் தெரியாது. கச்சேரியில் தம்புரா சுருதி கொடுத்தால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்ள முடியும் என்பது போல, வேறு யாராவது அதிர்வெண்ணைக் கொடுத்தால் மட்டுமே அது வேலை செய்யும். ஈ.பி. லைன் இருக்கும்வரை அந்த வேலையை ஈ.பி. பார்த்துக்கொள்கிறது. லைன் இல்லாத தீவிலும் மலையிலும், லைன் இருந்தும் அடிக்கடி போகிற இடத்திலும், அதை நீங்கள் யாரிடமாவது ஒப்படைத்தாக வேண்டும். டீசல் ஜெனரேட்டரிடம் தரலாம், ஒரு பேட்டரி இன்வெர்ட்டரிடம் தரலாம், பல இன்வெர்ட்டர்களிடம் பகிர்ந்து தரலாம், இல்லையென்றால் அதிர்வெண்ணே வேண்டாம் என்று டி.சி.க்கு (ஒரே திசையில் ஓடும் கரண்ட்டுக்கு) போய்விடலாம்.

## எதை வைத்து அளப்பது

முதலில் லோடு. மாதம் எத்தனை யூனிட் என்ற ஈ.பி. பில் கணக்கு இங்கே பாதிதான் உதவும். எந்த நொடியில் எவ்வளவு இழுக்கிறது என்பது மீதிப் பாதி. 7.5 எச்.பி. போர் மோட்டார் ஓடும்போது சுமார் 7.5 கே.வி.ஏ. (கிலோவாட்டுக்கு நெருங்கிய அளவு) தான், நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது அதுவே ஆறு மடங்கு, அதாவது 45 கே.வி.ஏ. இழுக்கும். 30 கே.வி.ஏ. இன்வெர்ட்டர் போதும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டவர் அந்த இரண்டு மூன்று நொடியை மறந்திருப்பார். இது சின்ன இடத்துப் பிரச்சினை மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அலாஸ்காவின் கோடியாக் தீவில் துறைமுகத்துக்கு மின்சார கிரேன் வந்தபோது, அது பெட்டியைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் வரும் வெட்டு இழுப்பைத் தாங்க 2015-ல் தனியாக இரண்டு ஃப்ளைவீல்கள் (வேகமாகச் சுழன்று ஆற்றலைச் சேர்த்துவைக்கும் சக்கரங்கள்) வைக்க வேண்டியிருந்தது, பேட்டரி ஏற்கெனவே இருந்தும்.

இரண்டாவது, எங்கேயாவது ஷார்ட் ஆனால் என்ன நடக்கும். மூன்றாவது, டீசல் நிஜமாக எத்தனை லிட்டர் மிச்சமாகும். நான்காவது, ராத்திரி இரண்டு மணிக்குப் படுத்துவிட்டால் யார் எழுப்புவது: ஊர் எலக்ட்ரீஷியனா, பெங்களூரில் இருந்து வர வேண்டிய இன்ஜினியரா. ஐந்தாவது, ஐந்து வருடத்தில் லோடு இரண்டு மடங்கு ஆனாலோ ஈ.பி. லைன் வந்து சேர்ந்தாலோ போட்ட காசு என்ன ஆகும். விலையைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. இந்த ஐந்துக்குள்ளும் அதுதான் இருக்கிறது.

## வழி 1: டீசல் முன்னே, சோலார் பின்னே

ஏற்கெனவே நல்ல ஜெனரேட்டர் இருக்கிறது, டீசல் செலவு தாங்கவில்லை, சோலார் சேர்த்தால் குறையுமா? குறையும், ஆனால் விற்பவர் சொல்லும் அளவுக்குக் குறையாது.

100 கிலோவாட் ஜெனரேட்டர் செட் ஒன்று முழு லோடில் மணிக்கு 28 லிட்டர் குடிக்கிறது, லோடே இல்லாமல் சும்மா ஓடினாலும் 7 லிட்டர் குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செட்டுக்குச் செட் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான். முழு லோடில் யூனிட்டுக்கு 0.28 லிட்டர். இப்போது சோலார் 70 கிலோவாட் கொடுக்கிறது, செட் 30-க்கு இறங்குகிறது. அப்போது அது குடிப்பது சுமார் 13.3 லிட்டர். மிச்சமானது 14.7 லிட்டர், யூனிட்டுக்கு 0.21 தான். கொட்டேஷனில் 70 யூனிட்டை 0.28-ஆல் பெருக்கி 19.6 லிட்டர் மிச்சம் என்று போட்டிருப்பார்கள். சும்மா ஓடுவதற்கான அந்த 7 லிட்டரை சோலார் தொடவே முடியாது, செட்டை நிறுத்தினால்தான் அது மிச்சமாகும், செட்டை நிறுத்தினால் அதிர்வெண் போய்விடும்.

இன்னொரு பக்கம், செட்டை 30 சதவீதத்துக்குக் கீழே நீண்ட நேரம் ஓட்டக் கூடாது. இன்ஜின் சூடு போதாமல் டீசல் சரியாக எரியாமல் எக்ஸாஸ்டில் எண்ணெய்ப் பிசுக்காகப் படியும், ஓவர்ஹாலிங் சீக்கிரம் வரும். அதனால் சோலாரை அடக்கி வைக்க ஒரு கன்ட்ரோலர் கட்டாயம். அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை லோடு குறைந்த நேரத்தில் சோலார் மிஞ்சினால், கரண்ட் செட்டுக்குள் திரும்பிப் பாய்ந்து செட்டைக் காக்கும் ரிவர்ஸ் பவர் ரிலே தட்டி அதை நிறுத்திவிடும். மேகம் திடீரென்று மூடினால் 30-ல் இருந்து 80-க்கு செட் தாவ வேண்டும் என்பதால் எப்போதும் அந்த அளவு கையிருப்போடுதான் ஓட்ட முடியும்.

இவ்வளவு சொன்னாலும் இந்த வழிக்கு இடம் உண்டு. பகலில் மட்டும் ஓடும் அரிசி ஆலை, கல் குவாரி, கட்டுமான இடம், அதாவது ராத்திரி லோடே இல்லாத இடங்களில் இதுதான் குறைந்த முதலீடு. ஷார்ட் ஆனால் ஜெனரேட்டர் தேவையான அளவு கரண்டைத் தள்ளி பிரேக்கரைத் தட்டவைக்கும், பழகிய மெக்கானிக் பக்கத்து ஊரிலேயே இருப்பார். ராத்திரி நான்கு விளக்குக்காகவும் ஒரு ஃப்ரிட்ஜுக்காகவும் செட் ஓடும் விடுதி என்றால் இந்தப் பக்கமே வராதீர்கள்.

## வழி 2: பேட்டரி இன்வெர்ட்டர் முன்னே

பேட்டரியோடு சேர்ந்த ஒரு இன்வெர்ட்டர், அல்லது ஒரே பெட்டி போல இணைத்த மூன்று ஆறு இன்வெர்ட்டர்கள், அதிர்வெண்ணைப் பிடிக்கும். சோலார், காற்றாலை, சின்ன நீர்மின் டர்பைன் எல்லாம் அதைப் பின்தொடரும். டீசல் கடைசியில் உட்கார்ந்திருக்கும், பேட்டரி இறங்கும்போது மட்டும் ஸ்டார்ட் ஆகி, எழுபது எண்பது சதவீத லோடில் இரண்டு மூன்று மணி நேரம் முறையாக ஓடி, பேட்டரியை ஏற்றிவிட்டு நிற்கும். மேலே பார்த்த அந்த 7 லிட்டர் இங்கேதான் மிச்சமாகிறது.

ஸ்காட்லாந்தின் எய்க் தீவு இதற்கு நல்ல உதாரணம். நூறு பேர் அளவில் வசிக்கும் தீவு, 2008 பிப்ரவரியில் சொந்த மின்வலையைத் தொடங்கினார்கள், நீர், காற்று, சூரியன் மூன்றையும் கலந்து. வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலிடத்துக்கு 10 கிலோவாட் என்று ஒரு வரம்பு, அதைத் தாண்டினால் துண்டிப்பு. மிஞ்சும் மின்சாரம் பொதுக் கட்டடங்களின் ஹீட்டருக்குப் போகிறது. அந்த வரம்பைத்தான் நான் அங்கே மிகவும் மதிக்கிறேன். நம் ஆட்கள் பேட்டரியைப் பெரிதாக்கப் போராடுவார்கள், வீட்டுக்கு வீடு ஒரு வரம்பு வைக்கச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

பேட்டரி நிறைந்த பிறகும் வெயில் அடித்தால்? இன்வெர்ட்டர் அதிர்வெண்ணை 50-ல் இருந்து 51, 52 என்று மெல்ல உயர்த்தும், அதைப் பார்த்து சோலார் இன்வெர்ட்டர்கள் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தனியாக ஒயர் இழுக்கத் தேவையில்லை, அழகான ஏற்பாடு. ஆனால் குறைக்க ஓரிரு நொடி ஆகும். நண்பகல், பேட்டரி நிறைந்திருக்கிறது, பெரிய மோட்டார் சட்டென்று நிற்கிறது: அந்த ஓரிரு நொடியில் சோலாரின் முழு வேகமும் பேட்டரி இன்வெர்ட்டர் மேல் விழும். அதைத் தாங்காவிட்டால் லித்தியம் பேட்டரியின் பி.எம்.எஸ். (பேட்டரியைக் கண்காணிக்கும் சர்க்யூட்) தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் துண்டித்துக்கொள்ளும், ஊரே இருட்டு. அதனால்தான் ஏ.சி. பக்கம், அதாவது தனி சோலார் இன்வெர்ட்டர் வழியாக மின்வலையிலேயே, இணைக்கும் சோலாரின் கொள்ளளவு பேட்டரி இன்வெர்ட்டரின் கொள்ளளவைத் தாண்டக் கூடாது என்ற விதி. 30 கே.வி.ஏ. இன்வெர்ட்டரோடு 60 கிலோவாட் சோலாரை ஏ.சி. பக்கம் மாட்டிக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அப்புறம் ஷார்ட் சர்க்யூட். இதைப் பற்றி எந்த விற்பனைப் புத்தகமும் பேசாது. 30 கே.வி.ஏ. இன்வெர்ட்டரின் சாதாரண கரண்ட் ஃபேஸுக்கு 43 ஆம்ப். ஷார்ட் ஆனால் ஒரு நொடி அளவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு, 86 ஆம்ப், அதற்கு மேல் தர அதனிடம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் எலக்ட்ரீஷியன்கள் பழக்கத்தில் மாட்டும் 32 ஆம்ப் சி வகை எம்.சி.பி. (ஷார்ட் ஆனால் தட்டும் சின்ன பிரேக்கர்) உடனே தட்ட ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 160 ஆம்புக்கு மேல் வேண்டும். விளைவு? சமையலறை பிளக்கில் ஷார்ட், அங்கே எம்.சி.பி. அசையாது, வோல்டேஜ் விழுவதைப் பார்த்து இன்வெர்ட்டர்தான் முதலில் கையைத் தூக்கும். ஒரு பிளக்குக்காக மொத்த இடமும் அணையும், மறுபடி ஏற்றினால் மறுபடி அணையும், எங்கே ஷார்ட் என்றே தெரியாது. கடைசிக் கிளைகளில் 10 ஆம்ப் பி வகை (30 முதல் 50 ஆம்பில் தட்டும்), கிளைக்குக் கிளை எர்த் லீக்கேஜ் பிரேக்கர் என்று போர்டுகளை மாற்ற வேண்டும். இந்தச் செலவு கொட்டேஷனில் இருக்காது, உங்கள் தலையில்தான் விழும், முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார்களை மெல்லக் கிளப்பும் வி.எஃப்.டி. அல்லது குறைந்தபட்சம் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரும் அப்படித்தான். பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதைவிட அது மலிவு.

இன்னொன்றும் உண்டு. எல்லாப் பேனலையும் ஏ.சி. பக்கமே மாட்டிவிட்டால், மூன்று நாள் மழையில் பேட்டரி செத்து எல்லாம் நின்றுபோனதும், நான்காம் நாள் வெயில் வந்தும் பயனில்லை. சோலார் இன்வெர்ட்டர்கள் 50 ஹெர்ட்ஸுக்காகக் காத்திருக்கும், அதைக் கொடுக்க வேண்டியது பேட்டரிக்காகக் காத்திருக்கும். பேனலில் ஒரு பங்கையாவது சார்ஜ் கன்ட்ரோலர் வழியாக நேரே பேட்டரிக்குக் கொடுங்கள், தானாக எழுந்துகொள்ளும். பேட்டரி வகையைப் பொறுத்தவரை, நம் வெயிலில் லெட்-ஆசிட் வேண்டாம் என்பதே என் கட்சி. பாதிக்கு மேல் இறக்கவும் முடியாது, வெப்பம் பத்து டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. எல்.எஃப்.பி. (ஒரு லித்தியம் வகை) வாங்குங்கள், அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள்.

குறை என்று பார்த்தால், எல்லாம் ஒரே இடத்தில் தொங்குகிறது. அந்த இன்வெர்ட்டர் போனால் டீசல் மட்டும்தான். ஆனாலும் 10 முதல் 200 கிலோவாட் வரை உள்ள பெரும்பாலான இடங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

## வழி 3: பல இன்வெர்ட்டர்கள் பங்கு போட்டு

தீவின் ஒரு முனையில் ஒரு பேட்டரி, மறு முனையில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து அதிர்வெண்ணைப் பிடிக்க வேண்டும் என்றால் ட்ரூப் என்ற முறை. லோடு ஏற ஏற ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தன் அதிர்வெண்ணைக் கொஞ்சம் இறக்கும். 2 சதவீத ட்ரூப் என்றால் சும்மா இருக்கும்போது 50, முழு லோடில் 49. இரண்டும் ஒரே வலையில் இருப்பதால் அதிர்வெண் இரண்டுக்கும் ஒன்றேதான், ஆகவே 100 கே.வி.ஏ.வும் 50 கே.வி.ஏ.வும் ஒன்றோடொன்று பேசாமலேயே 2:1 என்று லோடைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்று போனாலும் மற்றது தாங்கும், நாளை மூன்றாவதைச் சேர்க்கலாம். அமெரிக்காவில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ராபர்ட் லாஸட்டர் முதலானோர் மைக்ரோகிரிட் என்ற கருத்தை வளர்த்தபோது இதுதான் அடித்தளம்.

காகிதத்தில் இவ்வளவு சுலபம். தாழ்ந்த வோல்டேஜ் லைனில் ரெசிஸ்டன்ஸ் அதிகம் என்பதால் வாட்டும் ரியாக்டிவும் (வேலை செய்யும் மின்திறனும், மோட்டார் போன்றவற்றின் காந்தப்புலத்துக்காக வந்துபோகும் மின்திறனும்) ஒன்றையொன்று குழப்பும், பங்கீடு கோணலாகும், மென்பொருளில் போலி இம்பிடன்ஸ் (லைனில் கூடுதல் தடை இருப்பது போன்ற கணக்கு) சேர்த்துச் சரிக்கட்ட வேண்டும். இறங்கிய அதிர்வெண்ணை மீண்டும் 50-க்குக் கொண்டுவர மேலே இன்னொரு கன்ட்ரோலர், அதற்குக் கம்யூனிகேஷன் லைன், அதற்கும் மேலே டீசலை எப்போது எழுப்பலாம் என்று முடிவெடுக்கும் ஒன்று. இரண்டு பிராண்டைக் கலந்தால் ஒருவர் மற்றவரைக் கை காட்டுவார்கள். மறைந்த செலவு முழுக்க இன்ஜினியரின் நாள் கூலியில் இருக்கிறது, அதுவும் ஒரு தடவையோடு முடியாது.

எனவே சில நூறு கிலோவாட்டுக்கு மேல், பரந்த இடம், நிரந்தரமாக ஒரு டெக்னீஷியனாவது சம்பளத்தில் இருக்கிறார் என்றால் மட்டும் இது.

## வழி 4: டி.சி. மட்டும்

அதிர்வெண் இல்லை, ஒத்திசைவு இல்லை, வோல்டேஜைப் பார்த்தாலே போதும். சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு உருவாக்கிய 48 வோல்ட் டி.சி. முறை ராஜஸ்தானில் ஜோத்பூர், ஜெய்சால்மர் பக்கம் லைன் போகாத வீடுகளுக்குப் போனது. பி.எல்.டி.சி. என்ற டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டுக்குள் ஓடும், சாதாரண ஃபேன் எழுபதுக்கு மேல் இழுக்கும். எல்.இ.டி., செல்போன் சார்ஜர், டிவி எல்லாமே உள்ளுக்குள் டி.சி. தான். இதெல்லாம் நிஜமான லாபம்.

தடை தூரம். 500 வாட்டை 48 வோல்ட்டில் அனுப்பினால் 10.4 ஆம்ப். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிளில் 100 மீட்டர் தள்ளி அனுப்பினால் போகவர 9 வோல்ட்டுக்கு மேல் லைனிலேயே போய்விடும், ஐந்தில் ஒரு பங்கு. அதே 500 வாட் 230 வோல்ட்டில் 2 வோல்ட்தான் இழக்கும். அதோடு டி.சி. ஸ்விட்சைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி தானாக அணையாது, ஏ.சி. எம்.சி.பி.யை அப்படியே மாட்டினால் ஆபத்து. மிக்ஸி, கிரைண்டர், மோட்டார் எல்லாம் கடையில் ஏ.சி.யில்தான் கிடைக்கும். மக்கள் மிக்ஸி கேட்பார்கள், அதுவும் முதல் வருடத்திலேயே கேட்பார்கள்.

பத்துப் பதினைந்து வீடு நெருங்கி இருக்கும் குடியிருப்பு, தனி வீடு, வன முகாம்: டி.சி. சரி. அதைத் தாண்டினால் யோசியுங்கள்.

## ஒரே பார்வையில்

| | டீசல் முன்னே | பேட்டரி இன்வெர்ட்டர் முன்னே | பல இன்வெர்ட்டர், ட்ரூப் | 48 வோல்ட் டி.சி. |
|---|---|---|---|---|
| மோட்டார் கிளம்புதல் | நன்றாகத் தாங்கும் | வி.எஃப்.டி. வேண்டும் | ஓரளவு தாங்கும் | டி.சி. மோட்டார் மட்டும் |
| ஷார்ட் ஆனால் | பழைய பிரேக்கரே போதும் | போர்டுகளை மாற்ற வேண்டும் | தனியாக ஆய்வு செய்ய வேண்டும் | டி.சி. பிரேக்கர் கட்டாயம் |
| டீசல் மிச்சம் | குறைவு | மிக நல்லது | மிக நல்லது | பெரும்பாலும் டீசலே இல்லை |
| ரிப்பேர் | உள்ளூர் மெக்கானிக் | டீலர் | கம்பெனி இன்ஜினியர் | உள்ளூரில் பழக்கினால் போதும் |
| வளர்ச்சி | அடுத்த செட் | ஓரளவு வரை | சுலபம் | கஷ்டம் |
| ஈ.பி. வந்தால் | ஸ்டாண்ட்பை ஆகும் | பேக்கப் ஆகும் | இணைந்து ஓடும் | தனித்து நிற்கும் |

## டீசலை முழுசாக விட்டுவிடலாமா

யாழ்ப்பாணத்தை ஒட்டிய நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சேர்த்த கலப்புத் திட்டத்தைப் பாருங்கள். 2021-ல் சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியா ஆட்சேபித்து, கைமாறி, இந்திய மானியத்தில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமானது. அரசியலை விடுங்கள், எண்களைப் பாருங்கள்: சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பேட்டரி 2,400 யூனிட், ஸ்டாண்ட்பை டீசல் 2,500 கிலோவாட். சோலாரையும் காற்றையும் கூட்டினாலும் டீசல் அதற்கு மேல். பேட்டரி மொத்தமும் சோலாரின் ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான முழு உற்பத்திதான். இதைப் பார்த்துப் பசுமை என்று ஏமாற்றுகிறார்கள் என்று கத்துபவர்கள் இருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் மூடிக் கிடக்கும் வானத்துக்கு பேட்டரியாலேயே ஈடு கொடுக்கப் போனால், வருடத்தில் சில வாரத்துக்காக மட்டும் இருக்கும் பேட்டரியின் விலையில் எதுவும் கட்டுப்படியாகாது. அங்கே டீசல் இன்ஷூரன்ஸ். செட் இருப்பது பாவமில்லை, வருடத்தில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

## ஈ.பி. லைன் இருக்கிறது, அல்லது வரப்போகிறது

பீகாரின் தர்னாய் கிராமத்தில் 2014-ல் கிரீன்பீஸ் முன்னின்று 100 கிலோவாட் சோலார் மைக்ரோகிரிட் அமைத்தது, நாடே பேசியது. பின்னாலேயே அரசு லைன் மலிவு விலையில் வந்தது, மக்கள் அதற்குப் போனார்கள், பேட்டரிகள் செத்தன, சோலார் கிடப்பில் போனது. தொழில்நுட்பம் அங்கே தோற்கவில்லை. வெளி லைனோடு சேர்ந்து வாழ அதற்கு வழியும் காரணமும் இல்லாமல் போனது.

ஆகவே ஐந்து வருடத்தில் லைன் வர வாய்ப்பிருந்தால், இரண்டாம் அல்லது மூன்றாம் வழியில், ஈ.பி.யோடு இணைந்தும் பிரிந்தும் ஓடத் தெரிந்த இன்வெர்ட்டரைத்தான் வாங்குங்கள். மூன்று விஷயங்களைக் கேளுங்கள். லைன் போனால் எத்தனை மில்லி நொடியில் பிரிகிறது, கம்ப்யூட்டர்கள் அணையாமல் இருக்குமா? லைன் திரும்பி வரும்போது வோல்டேஜ், அதிர்வெண், ஃபேஸ் மூன்றும் பொருந்தியபின்தான் சேருகிறதா? பிரிந்திருக்கும்போது நியூட்ரலை எர்த்தோடு இணைப்பது எது? மூன்றாவதுக்குப் பதில் தெரியாமல் முழிக்கும் விற்பனையாளர்கள் அதிகம், அந்த இணைப்பு இல்லாவிட்டால் தீவாக ஓடும் நேரத்தில் எர்த் லீக்கேஜ் பிரேக்கர் வேலையே செய்யாது.

கடைசியாக ஒன்றை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒப்படைக்கும் நாளில், நல்ல வெயில் உள்ள நண்பகலில், பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது, உங்கள் பெரிய மோட்டாரை ஓடவிட்டுச் சட்டென்று நிறுத்திக் காட்ட வேண்டும். அப்புறம் தூரத்துக் கிளை ஒன்றில், அவர்கள் ஆளே பாதுகாப்பாக ஷார்ட் செய்து, அந்தக் கிளை மட்டும் அணைவதைக் காட்ட வேண்டும். பிறகு பேட்டரி பிரேக்கரை இறக்கி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, உங்கள் ஊர் எலக்ட்ரீஷியன் தனியாக அதை எழுப்ப வேண்டும், போனில் யாரும் சொல்லித்தராமல். மூன்றும் நடக்கும்வரை கடைசித் தவணை உங்கள் கையிலேயே இருக்கட்டும்.